சாப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரு கை

அன்று மதியம் ஆண்கள் தட்டோடு வரிசையில் வந்து நின்றபோது அடுப்பு பற்றவைக்கப்படாமல் கிடந்தது.

முந்தைய நாள் சோறு வடித்த அண்டா, பருப்பு அண்டா, கரண்டிகள் எல்லாம் பந்தலுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தன. பருப்பு அண்டாவின் விளிம்பில் மஞ்சளாக ஒரு வளையம் காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. அடிப்பிடித்த சோற்றில் ஈ மொய்த்தது. புளித்த வாடை சாலைவரை வந்தது.

சாலைக்கு அந்தப் பக்கம், அடைத்துக்கிடந்த ஒரு வெல்டிங் கடையின் நிழலில் பெண்கள் உட்கார்ந்திருந்தோம். நடுவில் யாதம்மா. அவளுக்கு இரண்டு பேர் தள்ளி நான்.

வரிசையில் முதல் ஆளாக நின்றவர் என் கணவர்.

"இன்னிக்கி சமையல் இல்லியா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

இடையில் ஒரு டேங்கர் லாரி போனது. அது கடக்கும்வரை காத்திருந்துவிட்டு யாதம்மா பதில் சொன்னாள்.

"இல்ல அன்னா. நாங்க வேலைநிறுத்தம்."

வேலைநிறுத்தக்காரர்களுக்கு எதிராக நடந்த ஒரு வேலைநிறுத்தம் அது. அன்று சிரிப்பாகத்தான் இருந்தது. அதிலிருந்து தொடங்கியது எங்கே போய் முடியும் என்று அங்கே உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரியாது.

பூட்டிய கேட்டுக்கு எதிரே

இந்த வாரம்தான் இந்தத் தொடரைப் படிக்கத் தொடங்குகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

என் கணவர் சற்குணம் பட்டான்செருவில் ஒரு மருந்துக் கம்பெனியில் ரியாக்டர் ஆபரேட்டர். மாத்திரை செய்யும் இடம் அல்ல. மாத்திரைக்குள் போகிற பொடியைத் தயாரித்து மற்றவர்களுக்கு அனுப்புகிற இடம். அங்கே இரண்டு வகை மனிதர்கள் இருந்தார்கள். நிரந்தரத் தொழிலாளிகளுக்கு நீலச் சட்டை, கேண்டீனில் மேஜை நாற்காலி, கம்பெனி டாக்டர். காண்ட்ராக்ட் ஆட்களுக்கு இதெல்லாம் கிடையாது. அவர்கள் டிபன் டப்பாவை பாய்லர் ஷெட் நிழலில் உட்கார்ந்து பிரித்துக்கொள்வார்கள்.

சற்குணம் நீலச் சட்டைக்காரர். யூனியன் தலைவரும் அவர்தான்.

தெலங்கானா தனி மாநிலமான பிறகு வந்த ஒரு கோடையில், பொடியை உலர்த்துகிற பகுதியில் குழாய் கசிந்து ஆவி பரவியது. அங்கே கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்த பெண்கள் மயங்கி விழுந்தார்கள். அவர்களில் ஒருத்தி யாதம்மா. சங்காரெட்டிப் பக்கத்து கிராமத்துக்காரி, என் வயசுதான். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கம்பெனி டாக்டர் தொடவில்லை. இவர்கள் காண்ட்ராக்டரின் ஆட்கள், அவரிடமே கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்.

அந்த ஷிப்டில் இருந்த எல்லோரும், நீலச் சட்டைக்காரர்கள் உட்பட, வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். மறுநாள் காலை கேட் பூட்டியிருந்தது.

யாதம்மா அரசு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கேட்டுக்கு எதிரே போட்டிருந்த பந்தலுக்கு வந்தாள். பிழைத்துக்கொண்டாள். குரல் மட்டும் அதன்பிறகு கரகரப்பாகவே நின்றுவிட்டது.

பந்தலில் அடுப்பு மூட்டினார்கள். அரிசி, பக்கத்துக் கம்பெனித் தொழிலாளிகள் சேர்த்துக் கொடுத்தது. காய்கறி, யாதம்மாவின் ஊர்க்காரர்கள் ஷேர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பியது. நீலச் சட்டைக்காரர்களும் மற்றவர்களும் ஒரே தார்ப்பாயில் உட்கார்ந்து சாப்பிட்டது அங்கேதான் முதல் தடவை.

நான் எங்கள் வீடு இருந்த ராமச்சந்திராபுரத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். முதல் நாள் கணவருக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு. அடுத்த நாள் சும்மா இருக்க முடியாமல் கத்தரிக்காய் நறுக்கினேன். அதற்குப் பிறகு யாரும் என்னைக் கேட்கவில்லை. போனதும் கையில் கத்தியைக் கொடுத்துவிடுவார்கள்.

கேட் மூடியதில் எனக்குத் தெரிந்த முதல் மாற்றம் வேறு. அவருடைய சட்டைகளில், தலையணையில், தலைமுடியில் எப்போதும் ஒரு வாசனை இருக்கும். நெயில் பாலிஷ் போல, கொஞ்சம் இனிப்பாக. கல்யாணமான நாளிலிருந்து அதுதான் அவர் வாசனை என்று நினைத்திருந்தேன். சில வாரங்களில் அது போய்விட்டது. படுக்கையில் பக்கத்தில் வேறு யாரோ படுத்திருப்பதுபோல இருந்தது.

நக்கோ

என் ஊர் குடியாத்தம். சற்குணம் செகந்திராபாத் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அவர் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். வீட்டில் தமிழ்தான், ஆனால் ஊர்ப் பேச்செல்லாம் அதில் கலந்திருக்கும். கல்யாணமான புதிதில் இன்னொரு கரண்டி சோறு போடப் போனேன். கையைக் குறுக்கே நீட்டி "நக்கோ, நக்கோ" என்றார். புதுப் பெண்டாட்டியைப் பார்த்து இப்படி ஒரு வார்த்தையா என்று அன்று முழுக்க நான் அவரோடு பேசவில்லை. வேண்டாம் என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள் என்று மாமியார் விளக்கிய பிறகுதான் சமாதானமானேன்.

மாமனார் செங்கொடிக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய தோழர்கள் வருவார்கள். முன்னறையில் பீடிப் புகைக்கு நடுவே ஒரு புது உலகம் எழும்பும். அங்கே முதலாளி இல்லை, சாதி இல்லை, ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கைகட்டி நிற்பதில்லை. பேச்சு சமையலறைவரை கேட்கும். மாமியாரும் நானும் டீ போடுவோம். டீயோடு நாங்கள் உள்ளே போனால் அந்தப் புது உலகம் ஒரு நிமிடம் நின்று டம்ளரை வாங்கிக்கொள்ளும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும்.

குறையாகச் சொல்லவில்லை. மாமனார் வேலைநிறுத்தத்தில் ஜெயிலுக்குப் போனவர். யாரையும் சாதி கேட்டு வாசலில் நிறுத்தாதவர். அந்த உலகம் வந்தே தீரும் என்று கடைசிவரை நம்பினார். அந்த நம்பிக்கை அப்படியே மகனுக்கு வந்திருந்தது. டம்ளரை வாங்கிக்கொள்கிற பழக்கமும் வந்திருந்தது.

அந்த உலகத்திலும் நாமதானா

ஒரு நாள் நகரத்திலிருந்து ஒரு பேச்சாளர் வந்தார். பல்கலைக்கழகப் பிள்ளைகள் சிலர் தப்பு வாத்தியத்தோடு வந்து பாடினார்கள். நல்ல பாட்டு. பேச்சாளர் சாப்பிட்டுவிட்டு எழுந்து பேசினார். எங்கள் அடுப்பைக் கைகாட்டி, நாளை நாம் கட்டப்போகிற சமுதாயத்தின் விதை இதோ இங்கே முளைத்திருக்கிறது, இங்கே எல்லோரும் சமம் என்றார். பலமாகக் கைதட்டினார்கள்.

கைதட்டல் வந்த நேரத்தில் யாதம்மா பந்தலுக்குப் பின்னால் அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். தலையை வெளியே எடுத்தாள்.

அவள் பேசுவது தெலுங்கு. எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன். அந்த வேகம் இதில் இருக்காது.

"அந்த சாரு விதைன்னு எதைச் சொன்னாரு வதினா?" என் கணவரை அண்ணன் என்று கூப்பிடுவதால் நான் அவளுக்கு வதினா, அண்ணி.

"இந்தச் சமையலத்தான்."

"அப்ப அந்த உலகம் வந்தாலும் அண்டா கழுவறது நாமதானா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேங்காய் நாரை அண்டாவுக்குள் போட்டுவிட்டு எழுந்து போய் முகம் கழுவினாள். மற்ற பெண்களிடம் என்ன பேசினாள் என்று தெரியாது. மறுநாள் நான் போனபோது எல்லோரும் வெல்டிங் கடை நிழலில் இருந்தார்கள். நானும் போய் உட்கார்ந்துகொண்டேன்.

தட்டோடு நின்றவர்களிடமிருந்து முதலில் சாலையைத் தாண்டி வந்தவர் நாகேஷ். யூனியன் செயலாளர், நீலச் சட்டைக்காரர், நன்றாகப் பேசக்கூடியவர்.

"ஏம்மா, போராட்டம் நடக்கற நேரத்துல இது இன்னா விளையாட்டு? கம்பெனிக்காரன் உள்ள இருந்து பார்த்துக்கிட்டு இருக்கான். நமக்குள்ள ஒத்துமை இல்லன்னு சிரிப்பான்."

"அவங்க சிரிக்கட்டும்" என்றாள் யாதம்மா. "ஆவி அடிச்சப்ப நானும்தான் விழுந்தேன். கேட்டு முன்னாடி நானும்தான் உக்கார்ந்திருக்கேன். அப்ப உங்களுக்குப் போராட்டம், எனக்கு அண்டாவா? மொற போடுங்க. சமைக்கறது, கழுவறது, எல்லாருக்கும். தலைவருக்கும் சேர்த்து. அப்புறம் இன்னொண்ணு. சமையல்ல எது முடிவு பண்றதுன்னாலும் சாப்பிடறவங்க எல்லாரையும் கேட்டுப் பண்ணுங்க."

மூட்டை தூக்கும் காண்ட்ராக்ட் ஆள் கரீம் பாய் வரிசையிலிருந்தே "ஹவ், ஹவ், சரியாத்தான் சொல்றா!" என்று கத்தினார். தட்டைக் கீழே வைத்துவிட்டு முதலில் அண்டாப் பக்கம் போனவரும் அவர்தான்.

என் கணவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். என்னைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். பிறகு பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு போய் பருப்பு அண்டாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீர் விட்டு ஊறவைக்காமல் காய்ந்ததை அப்படியே சுரண்டினார். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்று எல்லோரும் சாப்பிடும்போது வெயில் சாய்ந்துவிட்டது.

மிளகாய்க்குக் கை தூக்கினோம்

அதன்பிறகு பந்தலில் ஒரு வழக்கம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் எச்சில் கையோடு ஒரு சின்னக் கூட்டம். நாளைக்கு என்ன, யார் சமைப்பது, யார் கழுவுவது. சாப்பிட்டவர்களுக்கெல்லாம் ஒரு கை. அதைத் தூக்கலாம், தூக்காமல் இருக்கலாம். என் கணவர் எண்ணுவார்.

மிளகாய்த்தூள் எவ்வளவு என்பதற்குக்கூடக் கை தூக்கினோம். எங்கள் வீட்டுக் காரம் அங்கே தோற்றுப்போனது.

ஒரு வெள்ளிக்கிழமை கரீம் பாய் மாட்டுக்கறி போடலாம் என்றார். சிலர் முகம் மாறியது. நாகேஷ் எழுந்து போய்விட்டார். நிறையப் பேசினோம், குரல் உயர்ந்தது. கடைசியில் இரண்டு அடுப்பு, விருப்பப்பட்டவர்களுக்குக் கறி, மற்றவர்களுக்கு முட்டை என்று கை தூக்கி முடிவானது. நாகேஷ் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் வந்தார். கழுவுகிற முறை அவருடையது. கறி அண்டாவையும் சேர்த்துத்தான் கழுவினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஆனால் சுத்தமாக.

இதையெல்லாம் பெரிதாகச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைக்கிறேன். சோறும் குழம்பும்தான். ஆனால் பெண்கள் உட்காருகிற இடம் மாறியது. முதலில் தார்ப்பாயின் ஓரத்தில் உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடுவுக்கு வந்தார்கள். யாரும் அதைச் சொல்லிச் செய்யவில்லை.

ஒரு நல்ல செய்தி

கோடை முடிந்து மழை தொடங்கியிருந்தது. தொழிலாளர் அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்குப் போன என் கணவர் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். சட்டை நனைந்திருந்தது. எங்கள் மகள் பிரியா அப்போது பத்தாவது முடித்திருந்தாள். இங்கே பதினொன்றாவதே ஜூனியர் காலேஜில்தான். நாங்கள் தமிழில் கேட்டால் அவள் தெலுங்கில் பதில் சொல்வாள்.

"டாடி, ஃபேக்டரி எப்புடு ஓப்பன்?" என்றாள், எப்போது திறப்பார்கள் என்று.

அவர் துண்டை வாங்கித் தலையைத் துவட்டினார். அவள் உள்ளே போன பிறகு நான் கேட்டேன்.

"இன்னா சொன்னாங்க?"

"நம்மள உள்ள எடுத்துக்கறாங்களாம். யாரு மேலயும் ஆக்‌ஷன் இல்லயாம்."

"நம்மளன்னா?"

"பர்மனென்ட்."

"அவங்க?"

"அது காண்ட்ராக்டர் விஷயம், பின்னாடி பார்க்கலாம்ங்கறாங்க."

நான் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "நாகேஷ் இன்னா சொல்றாரு?"

"ஒத்துக்கலாம்ங்கறான். உள்ள போயி அவங்களுக்காகப் பேசலாம்ங்கறான்."

"அதுல இன்னாங்க தப்பு? பொண்ண காலேஜ்ல சேர்க்கணும். வாடகைக்கு வீட்டுக்காரர் நேத்தும் வந்து நின்னாரு. உள்ள போயே பேசுங்க."

"உள்ள போனப்புறம் இதுவரைக்கும் யாரு பேசியிருக்காங்க?"

"நீங்க பேசுங்க."

அவர் கொஞ்ச நேரம் துண்டை மடித்துக்கொண்டிருந்தார்.

"நானும் பேசமாட்டேன் எஸ்தர். உள்ள போயிட்டா எனக்கு அந்த டேபிள், அந்த சேர். ரெண்டு மாசத்துல பழகிடும்."

அவர் தன்னைப் பற்றி அவ்வளவு நேராகச் சொன்னது அப்போதுதான். ஆனாலும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஒத்துக்கொண்டதுபோலக் காட்டவும் இல்லை.

என் கை

கூட்டம் பந்தலில் நடந்தது. தார்ப்பாய்க்கு மேலே மழைத் தண்ணீர் தேங்கி நடுவில் தொங்கியது. ஒரு ஆள் கம்பால் குத்திக் குத்தி அதை வடித்துக்கொண்டே இருந்தார். பேச்சுக்கு நடுவே சொத்தென்று தண்ணீர் விழும் சத்தம்.

நாகேஷ் கம்பெனி சொன்னதை விளக்கினார். எதையும் மறைக்கவில்லை. யூனியன் உறுப்பினர்கள் கை தூக்கலாம் என்றார். உறுப்பினர்கள் என்றால் நீலச் சட்டைக்காரர்கள்.

யாதம்மா எழுந்தாள். கரகரத்த குரல், சத்தமாகப் பேச வராது. அதனால் எல்லோரும் பேச்சை நிறுத்த வேண்டியிருந்தது.

"மிளகாத்தூளுக்கு என் கைய எண்ணினீங்க. இப்ப என்னை வெளிய விட்டுட்டுப் போறதா வேணாமான்னு கேக்கறீங்க. இதுக்கு என் கை வேணாமா?"

"அது சமையல், இது யூனியன். சட்டம் இருக்கும்மா" என்றார் நாகேஷ்.

"சட்டத்தக் கேட்டா அண்டா கழுவினீங்க?"

யாரோ சிரித்தார்கள். பலர் சிரிக்கவில்லை. எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் தலைவர். எப்படி எண்ணுவது என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

மேலே தொங்கிய தார்ப்பாயைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார். நீலச் சட்டையை மட்டும் எண்ணினால் எது வெல்லும் என்று அவருக்குத் தெரியும். எல்லோரையும் எண்ணினால் எது வெல்லும் என்றும் தெரியும். எண்ணத் தொடங்கும் முன்பே முடிவு அவர் கையில் இருந்தது. அப்படி ஒரு இடத்தில் நிற்க நேரும் என்று அவர் நினைத்திருக்கமாட்டார்.

"சாப்பாட்டுக்கு எப்படி எண்ணினோமோ அப்படியே எண்ணலாம்" என்றார். "இங்க சாப்பிட்டவங்க எல்லாரும்."

கூச்சல் எழுந்தது. நீலச் சட்டைக்காரர்கள் சிலர் இது செல்லாது என்று சொல்லி எழுந்து போனார்கள். நாகேஷ் போகவில்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார். அதை அவருக்காகச் சொல்ல வேண்டும்.

"ஒத்துக்கலாம்ங்கறவங்க கை தூக்குங்க."

இங்கே சாப்பிட்டவர்கள் எல்லோரும் என்றால் அதில் நானும் உண்டு. எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. தொழிலாளியின் பெண்டாட்டி என்பதற்காக அல்ல, அங்கே சாப்பிட்டவள் என்பதற்காக எனக்கு ஒரு கை இருந்தது.

தூக்கினேன். ஒத்துக்கொள்ளலாம் என்று.

பக்கத்தில் யாதம்மா இருந்தாள். அவள் கை மடியில் இருந்தது. என் கணவர் வரிசையாக எண்ணிக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் அவர் கண் கொஞ்சம் நின்றது. கோபம் இல்லை. ஆச்சரியமும் இல்லை என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது, என்னையும் சேர்த்தார். அடுத்த கைக்குப் போனார்.

நாங்கள் தோற்றோம். கம்பெனி சொன்னது வேண்டாம் என்று முடிவானது.

பச்சிப்புலுசு

அன்று சமையல் முறை யாதம்மாவுக்கும் எனக்கும். கூட்டம் கலைந்ததும் இருவரும் வெங்காயக் கூடைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தோம். பாதிக் கூடை நறுக்கிய பிறகு அவள் கேட்டாள்.

"ஏன் வதினா?"

"எனக்குப் பொண்ணு இருக்கா."

"எனக்கும்தான் ரெண்டு இருக்கு."

"தெரியும்."

அவ்வளவுதான் பேசினோம். வெங்காயம் நறுக்கியதால் இருவருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்தால் வந்ததுதான். அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

அடுத்த வாரமே கம்பெனி பஸ் விட்டது. ராமச்சந்திராபுரம் பஸ் ஸ்டாப்பிலிருந்து நாகேஷும் பெரும்பாலான நீலச் சட்டைக்காரர்களும் அதில் ஏறி உள்ளே போனார்கள். பந்தலைக் கடக்கும்போது ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கரீம் பாய் மட்டும் தினமும் அந்த பஸ்ஸுக்கு சலாம் வைப்பார். கேலியாகவா என்று கேட்டேன். "நக்கோ பாபி, தெரிஞ்ச ஆளுங்கதானே" என்றார். அவருக்கும் நான் அண்ணிதான், பாபி.

பந்தலில் ஆட்கள் குறைந்தார்கள். பேச்சாளர்கள் வருவது நின்றது. அரிசி மட்டும் எப்படியோ வந்தது. பல நாள் சோறும் பச்சிப்புலுசும்தான். புளியைக் கரைத்து, பச்சை வெங்காயமும் சுட்ட மிளகாயும் பிசைந்துபோட்டது. அடுப்பில் வைக்கவே வேண்டாம். மழையில் விறகு எரியாத நாட்களில் அது எங்களைக் காப்பாற்றியது. சாப்பிட்ட பிறகு கூட்டமும் நடந்தது. முடிவு செய்ய எதுவும் இல்லாத நாளிலும் நடந்தது.

நீலச் சட்டைக்காரர்கள் உள்ளே போய்விட்டதால் மட்டும் கம்பெனி ஓடிவிடவில்லை. மூட்டை தூக்கவும் உலர்த்தும் பகுதியைச் சுத்தம் செய்யவும் வெளியூரிலிருந்து ஆட்களைக் கொண்டு வந்தார்கள். வந்தவர்கள் அந்த ஆவியில் தங்கவில்லை. பொடி வாங்குகிறவர்கள் பார்வையிட வரப்போகிறார்கள் என்றும் பேச்சு. மறுபடியும் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார்கள்.

இரண்டாவது முறை

இந்த முறை என் கணவர் வீட்டுக்கு வரவில்லை. நேரே பந்தலுக்கு வந்தார். எனக்கும் மற்றவர்களோடு சேர்ந்துதான் தெரிந்தது.

காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரையும் எடுத்துக்கொள்வார்கள். முகமூடி கொடுப்பார்கள். கம்பெனி டாக்டர் பார்ப்பார். கேண்டீன் எல்லோருக்கும் திறந்திருக்கும். அவர் இதையெல்லாம் அரிசி பருப்பு வந்த விவரம் சொல்வதுபோலத்தான் சொன்னார். கடைசியில், தூண்டிவிட்டவர் என்று தன்னை மட்டும் எடுக்கமாட்டார்கள் என்றார். அதையும் அதே குரலில்.

கரீம் பாய் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

யாதம்மா எழுந்தாள். "அன்னா இல்லாம நாங்க போகமாட்டோம்."

"கைய எண்ணிடலாம்மா."

"எண்ண வேணாம். போகமாட்டோம்னா போகமாட்டோம்."

"எனக்காக எண்ணாம விட்டா அப்புறம் எதுக்குத்தான் எண்ணறது?" என்றார் அவர். "ஒத்துக்கலாம்ங்கறவங்க தூக்குங்க."

யாதம்மா என்னைப் பார்த்தாள். இந்த முறை அவளும் நானும் ஒரே பக்கம் என்று அவளுக்கு நிச்சயம். எனக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

என் முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் சில வாரங்களாகக் காலையில் கட்டட வேலைக்குப் போய்விட்டு மதியம் பந்தலுக்கு வருகிறவர்கள். கணுக்கால்வரை சிமெண்ட் காய்ந்து வெளுத்திருந்தது. யாரும் கை தூக்கவில்லை. தலைவரை வெளியே தள்ளிவிட்டு உள்ளே போகிறேன் என்று முதலில் தூக்குகிற கையாக இருக்க யாருக்கும் மனமில்லை. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் தூக்கினேன்.

பிறகு எனக்குப் பின்னால் ஒரு கை. பிறகு பல. கரீம் பாய் தூக்கினார், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு. யாதம்மாவும் இன்னும் சிலரும் தூக்கவில்லை.

என் கணவர் என்னிடமிருந்துதான் எண்ணத் தொடங்கினார். இந்த முறை அவர் கண் நிற்கவில்லை. அந்தக் கைக்கு அவர் காத்திருந்தாரா, அல்லது நின்று பார்த்தால் எண்ண முடியாது என்று பயந்தாரா என்று இன்றுவரை கேட்டதில்லை.

அந்தக் கையை ஏன் தூக்கினாய் என்று உறவினர்கள் பல வருஷம் கேட்டார்கள். பெண்டாட்டியே புருஷன் வேலைக்கு உலை வைத்தாள் என்று குடியாத்தத்தில் பேச்சு. யாருக்கும் சரியான பதில் சொன்னதில்லை. அந்தச் சிமெண்ட் கால்களைச் சொல்லலாம். சொன்னால் ஏதோ தியாகம்போலத் தெரியும். அப்படி எதுவும் என் மனசில் இல்லை. கேட்டார்கள், எனக்கு ஒரு கை இருந்தது, அது எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரிந்தது.

கேட் திறந்த காலை

பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சற்குணம் வழக்குப் போட்டார். அது வருஷக்கணக்கில் நடந்து அவருக்கு எதிராக முடிந்தது. குஷாய்குடாப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்தார். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயணம். இப்போதும் அங்கேதான். அவர்மேல் இரும்பு வாசனை வருகிறது, அதற்கும் பழகிவிட்டேன். பிரியா ஒரு வருஷம் தாமதமாகக் காலேஜ் சேர்ந்தாள். அதற்காக அவள் எங்களை மன்னித்துவிட்டதாகச் சொல்கிறாள். நாகேஷ் ஒருமுறை வீட்டுக்கு வந்தார். இருவரும் கிரிக்கெட் பற்றிப் பேசினார்கள். கம்பெனி கைமாறியது, பெயர் மாறியது. கேண்டீனில் இன்னும் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள் என்று கேள்வி. காண்ட்ராக்ட் மட்டும் காண்ட்ராக்டாகவே இருக்கிறது.

மாமனார் சொன்ன உலகம் வரவில்லை. அந்தப் பந்தலில் நான் பார்த்தது அதுதானா என்றும் எனக்குத் தெரியாது.

கேட் திறந்த அன்று காலை நாங்களும் போனோம். மழை விட்டிருந்தது. பந்தலைப் பிரித்த இடத்தில் அடுப்புக் கற்கள் கறுத்துக் கிடந்தன. ஒவ்வொருவராக என் கணவரிடம் வந்து கையைப் பிடித்துவிட்டு உள்ளே போனார்கள். சிலர் அழுதார்கள். அவர் "ஷிப்டு டைம் ஆச்சு, போங்க போங்க" என்று பஸ் கண்டக்டர் மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தார்.

யாதம்மா கடைசியாக வந்தாள். அவளுடைய புது முகமூடி கழுத்தில் தொங்கியது. என் கணவரின் காலைத் தொடப் போனாள், அவர் பின்வாங்கினார். பிறகு என்னிடம் வந்தாள். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவள் என்னோடு பேசியிருக்கவில்லை.

"ரெண்டு தடவையும் தப்பாத்தான் கை தூக்கினே வதினா."

"இருக்கலாம்" என்றேன். "ரெண்டு தடவையும் எண்ணினாங்க இல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. சிரிப்புதான் என்று புரிய கொஞ்ச நேரம் ஆனது.

உள்ளே சைரன் ஊதியது. பிந்தினால் அரை நாள் சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள். அது மாறவில்லை. யாதம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள்.